பத்தூலின் வலது கை

இந்தப் பேசும் பெட்டியின் பொறுமை மனிதருக்கு வராது ஐயா. ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். என் தங்கை பத்தூலுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அதனிடம் கேட்டுக் கேட்டே மோர்ஸ் தந்தி எழுத்துகளைக் கற்று, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமமும் வாங்கினாள். இன்று எந்த அலைவரிசை எடுக்கும், யார் அழைத்தார்கள் என்பதையெல்லாம் அதுதான் அவளுக்குச் சொல்லும்.

இந்தக் கடலோரச் சஃபியில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் குரல் கேட்காத வீட்டில் நான் இருந்ததே இல்லை.

அந்த ரேடியோ வழியாகத்தான் நாட்டின் மறுகோடியிலிருந்து ஊஜ்தாக்காரர் தாமி வந்து சேர்ந்தார். ரமலான் முடிந்ததும் கல்யாணம் என்றாள்.

"நீயும் வந்துடேன் அண்ணா. அங்க மத்தி மீன் நாத்தம் இல்லாம மூச்சு விடலாம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அறையைப் பூட்டினேன். யோசிக்க அவகாசம் வேண்டுமல்லவா? போனை எடுத்துக்கொண்டேன். பெட்டியைச் சமையலறைக்கு மாற்றினேன். ரேடியோவின் மைக்கைக் கழற்றினேன். ரேடியோவையும் எடுத்திருப்பேன், சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மோர்ஸ் தட்டும் அந்தச் சின்னக் கருவி கிடக்கட்டும், பொழுது போகும் என்று விட்டுவைத்தேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

மீன் விற்கும் மொக்தார்தான் தெருவில் வழிமறித்தான். "என்னப்பா இத்ரீஸ், தங்கச்சியை உப்புல போட்டு மூடி வச்சிருக்கியா? ஆளையே காணோம்!"

"காய்ச்சல்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் தட்டல் நிற்கவில்லை. புதினா டீயோடு உட்கார்ந்து நானும் பெட்டியிடம் மோர்ஸ் பாடம் கேட்டேன். அது ஒலிக்கும், நான் கரண்டியால் திருப்பித் தட்டுவேன். "மிகச் சரி" என்று பாராட்டும். என்னை வேறு யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

ஒரு பிற்பகல், முதல்முறையாக முழுச் செய்தியும் புரிந்தது. "அண்ணன் பூட்டி வைத்திருக்கிறார். காப்பாற்றுங்கள்." அலை மங்கியிருந்தது போல. சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று ரேடியோவில் தாமியின் தட்டல் வந்தது.

உள்ளே போனேன். அவள் வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். ஒரு முறை போதவில்லை.

"போகலை அண்ணா... நான் எங்கயும் போகலை..."

இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

பிறகு, ரேடியோவில் அவளுக்குப் பெயர் போல இருக்கும் அழைப்புக் குறியில் நானே தட்டினேன். நலம், கல்யாணம் வேண்டாம், இனி அழைக்காதீர்கள். பெட்டி கற்றுக்கொடுத்த அதே தாளத்தில், துளியும் பிசகாமல். அதுதான் நான் செய்த தவறு. இவர்களுக்குத் தட்டும் கை என்பது குரல் மாதிரியாம். பத்தூல் தன் குறியின் கடைசி ஒலியைக் கொஞ்சம் இழுப்பாளாம். கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை. தாமி திருப்பித் தட்டினார்: "யார் நீங்க? பத்தூல் எங்கே?"

மறுநாள் அவரோடு போலீஸ் வண்டியில் வந்து நீங்கள் கதவை உடைத்தீர்கள்.

அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னை வாசலில் நிறுத்தினீர்களே, என் இருமல் கேட்டதும் அவள் இடது கை கட்டில் கம்பியில் அசைந்தது. தட்டல், உரசல், தட்டல். உங்களுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. "அந்த ஆளைப் போகச் சொல்லுங்க."

பக்கத்தில் தாமி உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் சொல்கிறாள், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.