ஞாயிற்றுக்கிழமைச் சுக்குக் காபி

லவினா: நான் வேணும்னு திறக்கல டாடி. ஜிப் சிக்கிக்கிச்சு. மெழுகுவத்தி தேச்சா சரியாப் போகும்னு எடுத்தேன், அவ்வளவுதான்.

அலெக்சாண்டர்: என் பைபிள் கவர் ஜிப் சிக்கினா சிக்கட்டும். உன்னை யாரு சரி பண்ணச் சொன்னா?

லவினா: நீங்கதான். நேத்து சாயங்காலம். லிங்கராஜபுரத்துலயே பைபிளைத் திறக்க முடியாத ஒரே பாஸ்டர் நான்தான்னு ஜோக் வேற அடிச்சீங்க.

அலெக்சாண்டர்: ...சொன்னேனா?

நோரா: சொன்னீங்க. நானும் கேட்டேன். சுக்குக் காபி ஆறுது, குடிங்க.

அலெக்சாண்டர்: குடிக்கிறேன் இரு. சரி லவி, ஜிப் ஓடுதா? குடு. சர்ச்சுக்கு நேரமாகுது.

லவினா: வெண்ணெய் மாதிரி ஓடுது. உள்பாக்கெட்ல என்ன வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாங்கிக்குங்க.

அலெக்சாண்டர்: காணிக்கைக் கவர் இருக்கும். பழைய பஸ் டிக்கெட் இருக்கும்.

லவினா: பஸ் டிக்கெட் சலசலன்னு சத்தம் போடாது. இதோ பாருங்க... ஒரு கைப்பிடி மாத்திரை. ஸ்ட்ரிப்ல இருந்து ஒண்ணொண்ணா கத்தரிச்சது. உங்க கை கத்தரிச்ச கோணல் எனக்குத் தெரியாதா?

அலெக்சாண்டர்: அது... ஆத்திர அவசரத்துக்கு. வெளியில எங்கயாவது மாட்டிக்கிட்டா போட்டுக்கலாம்ல.

லவினா: ஒரு வருஷம் வெளியில மாட்டிக்கிட்டாலும் போதுமே டாடி, இது.

நோரா: கையை இப்படி நீட்டுங்க. ஜிப்பா பட்டன் போட்டு விடுறேன்.

லவினா: மம்மி, நீங்க கேக்க மாட்டீங்களா?

நோரா: நீதான் கேக்குறியே. ரெண்டு பேரும் கேட்டா அவரு யாருக்குப் பதில் சொல்லுவாரு?

லவினா: நானே சொல்லவா? வாரத்துல எல்லா நாளும் நம்ம கண்ணு முன்னாடி போட்டுக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் "ஜெபிச்சிட்டுப் போட்டுக்கிறேன்"னு கத்தரிச்சு எடுத்துட்டு ரூமுக்குள்ள போறீங்க. அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரை எல்லாம் இங்க இருக்கு. சரியா?

அலெக்சாண்டர்: ஆபீஸ்ல உனக்கு இந்த வேலைதானா? யாரு எதை ஒளிச்சு வச்சிருக்கான்னு பாக்குறது?

லவினா: பேச்சை மாத்தாதீங்க.

அலெக்சாண்டர்: ஞாயித்துக்கிழமை எனக்கு உபவாசம்னு உனக்குத் தெரியும். ஆராதனை முடியிற வரைக்கும் இந்தச் சுக்குக் காபிதான். வெறும் வயித்துல மாத்திரை...

லவினா: இந்த மாத்திரையை வெறும் வயித்துலதான் போடணும்னு டாக்டர் ஸ்ரீகண்டன் சொன்னாரு. பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்.

அலெக்சாண்டர்: ...அந்த ஆளு நிறையப் பேசுறாரு.

லவினா: ஏன் டாடி? உண்மையாவே கேக்குறேன், திட்டல. பார்க்கின்சன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து மாத்திரை விஷயத்துல நீங்க ரொம்ப ஒழுங்கு. நடுவுல எப்போ இது?

அலெக்சாண்டர்: ஈஸ்டருக்கு அப்புறம்.

லவினா: ஈஸ்டர்ல என்ன ஆச்சு?

அலெக்சாண்டர்: ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சனை.

லவினா: புரியல.

அலெக்சாண்டர்: அன்னைக்கு மாத்திரை நல்லா வேலை செஞ்சது. ஜெபத்துக்கு எல்லாரும் வரிசையா முன்னால வந்தாங்க. நான் தலைமேல கை வைக்கிறேன்... கை அசையல. சாதாரண மனுஷன் கை மாதிரி இருந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

லவினா: அப்புறம்?

அலெக்சாண்டர்: லட்சுமம்மா கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாங்க. "ஏன் பாஸ்டர், கை சும்மனே இருக்கு? அபிஷேகம் எங்க போச்சு?"ன்னு கேட்டாங்க. மைக் பக்கத்துல. எல்லாருக்கும் கேட்டுச்சு.

லவினா: ஐயோ.

அலெக்சாண்டர்: அவங்களுக்கு என் வியாதி தெரியாது லவி. சபையில யாருக்கும் தெரியாது. கை நடுங்க ஆரம்பிச்சப்போ, ஆவியானவர் இறங்குறாருன்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. ஜோகுபாளையத்துல இருந்து பஸ் மாறி வர்றாங்க, இந்த நடுக்கத்தைத் தலையில வாங்கிக்க. "அக்கினிக் கை"ன்னு வாட்ஸாப் குரூப்ல பேரே வச்சிட்டாங்க.

லவினா: நீங்க இல்லைன்னு சொல்லல.

அலெக்சாண்டர்: ...ஆமாம்னும் சொல்லல.

நோரா: அந்தக் கை பட்டன் முடிஞ்சுது. இந்தக் கையை நீட்டுங்க. காபி.

அலெக்சாண்டர்: குடிக்கிறேன்மா, தொண்டையில இறங்கட்டும்.

லவினா: அப்போ ஈஸ்டருக்கு அடுத்த வாரத்துல இருந்து, கை நடுங்கட்டும்னே மாத்திரையை நிறுத்திட்டீங்க.

அலெக்சாண்டர்: ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்.

லவினா: அதுக்குப் பேரு நடிப்பு இல்லையா டாடி?

நோரா: லவினா.

அலெக்சாண்டர்: விடு நோரா, கேக்கட்டும். நானும் அதையேதான் தினம் முழங்கால்ல நின்னு கேட்டுட்டு இருக்கேன். நடுக்கம் என்னுதுதான். நான் அதை உண்டாக்கல. தடுக்காம விட்டேன். அது நடிப்பான்னு எனக்கே தெரியல.

லவினா: நடுங்குச்சா? நிறுத்தினதும்?

அலெக்சாண்டர்: அடுத்த வாரமே. லட்சுமம்மா தலையில கை வச்சதும் ஆரம்பிச்சிடுச்சு. அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. "திரும்பி வந்துட்டார்"ன்னு சொன்னாங்க.

லவினா: ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு இடிக்குது.

அலெக்சாண்டர்: உனக்கு எப்பவும் ஏதாவது இடிக்கும்.

லவினா: போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மாத்திரை மறந்துட்டீங்க. பாத்ரூம் வாசல்ல கால் தரையோட ஒட்டிக்கிச்சு. நானும் மம்மியும் "லெஃப்ட், ரைட்"னு பாட்டுப் பாடித்தான் கட்டில் வரைக்கும் நகத்தினோம். ஞாபகம் இருக்கா?

அலெக்சாண்டர்: அதை மறக்க முடியுமா? உன் பாட்டை.

லவினா: ஆனா ஞாயித்துக்கிழமை மாத்திரை இல்லாம, நம்ம சர்ச் ஹால் மாடிப்படி ஏறுறீங்க. அந்தச் செங்குத்துப் படி, எனக்கே மூச்சு வாங்கும். கீழ ஹார்டுவேர் கடைக்காரருக்கு வணக்கம் வேற சொல்லிட்டு ஏறுறீங்க. ஒன்றரை மணி நேரம் நின்னு பிரசங்கம் பண்றீங்க. ஒரே வியாதிதானே டாடி? கை நடுங்குது, கால் மட்டும் எப்படி நல்லா நடக்குது?

அலெக்சாண்டர்: ...நீயும் கவனிச்சியா?

லவினா: இப்பதான் தோணுது.

அலெக்சாண்டர்: நான் முதல் வாரமே கவனிச்சேன். படிக்குக் கீழ நின்னு பயந்துட்டே இருந்தேன், கால் ஒட்டிக்குமேன்னு. ஒட்டல. அடுத்த வாரமும் ஒட்டல. யார்கிட்டயும் சொல்லல, ராத்திரி உங்க மம்மிகிட்ட மட்டும் ஒரு தடவை சொன்னேன். வாரம் முழுக்க என்னை மாத்திரை நடத்துது, ஞாயித்துக்கிழமை மட்டும் கர்த்தர் நடத்துறார்னு.

லவினா: மம்மிகிட்ட சொன்னீங்களா? அப்போ மாத்திரையை நிறுத்தினது மம்மிக்குத் தெரியுமா?

அலெக்சாண்டர்: இல்லை இல்லை, மாத்திரை நிறுத்தினதைச் சொல்லல. ஞாயித்துக்கிழமை மாத்திரையை விட அவர் கைதான் நடத்துதுன்னு... பொதுவா சொன்னேன். பாஸ்டர் பொண்டாட்டி, புரிஞ்சுக்குவான்னு.

லவினா: மம்மி?

நோரா: புரிஞ்சுக்கிட்டேன்.

அலெக்சாண்டர்: நீ திட்டு லவி, தாங்கிக்கிறேன். ஆனா அதை மட்டும் தொடாத. கை விஷயத்துல நான் பொய்யனா இருக்கலாம். கால் விஷயத்துல அவர் உண்மையுள்ளவரா இருந்தாரு. இந்த வியாதி வந்தப்புறம் எனக்குன்னு அவர் செஞ்சது அது ஒண்ணுதான். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

லவினா: நான் உங்க விசுவாசத்தைத் தொடல டாடி. ஆனா லட்சுமம்மா விஷயம் ஒண்ணு இருக்கு. சொல்லியே ஆகணும். அவங்க மருமக ரூபினி நேத்து எனக்குப் போன் பண்ணா.

அலெக்சாண்டர்: என்னவாம்? சுகமா இருக்காங்கல்ல?

லவினா: சுகர் மாத்திரையை நிறுத்திட்டாங்களாம்.

அலெக்சாண்டர்: ...யாரு?

லவினா: லட்சுமம்மா. அக்கினிக் கை தலைமேல பட்டதுக்கு அப்புறம் எனக்கு எதுக்கு மாத்திரைன்னு, தூக்கி அலமாரி மேல போட்டுட்டாங்களாம். கால் விரல்ல புண்ணு. ஆற மாட்டேங்குது. ரூபினி அழறா. "உங்க டாடியை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கக்கா, அவரு சொன்னாத்தான் கேப்பாங்க"ன்னு.

அலெக்சாண்டர்: கர்த்தாவே...

நோரா: ஏங்க, உக்காருங்க. உக்காந்துக்குங்க முதல்ல.

அலெக்சாண்டர்: நான் மாத்திரையை நிறுத்தினேன், அந்த நடுக்கத்தை நம்பி அந்தம்மா மாத்திரையை நிறுத்தியிருக்காங்க. என்ன வேலை பண்ணி வச்சிருக்கேன் நோரா.

நோரா: புண்ணு ஆறும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஆராதனை முடிஞ்சதும் நானே போறேன்.

அலெக்சாண்டர்: ஆராதனை முடிஞ்சு இல்ல, ஆரம்பத்துலயே. நான் இன்னைக்குச் சொல்லிடப் போறேன்.

லவினா: என்னன்னு?

அலெக்சாண்டர்: உங்க பாஸ்டர் கை நடுங்குறது வியாதின்னு. பேரையும் சொல்லுவேன். ஈஸ்டர்ல நடுங்காம இருந்ததுதான் சுகம், அதை நீங்க குறைன்னு நினைச்சீங்க, நானும் ஆமாம்னு விட்டுட்டேன்னு சொல்லுவேன். லட்சுமம்மா என் கண்ணு முன்னாடியே மாத்திரை போட்டுக்கணும்.

லவினா: சில பேரு வேற சர்ச்சுக்குப் போயிடுவாங்க டாடி.

அலெக்சாண்டர்: தனக்கே சுகம் கிடைக்காதவன் எங்களுக்கு என்ன ஜெபிக்கிறதுன்னு கேப்பாங்க. கேக்கட்டும். பயமாத்தான் இருக்கு. இந்தச் சபையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?

நோரா: யாரு போனாலும் போகட்டும். முன் பெஞ்சுல நான் உக்காந்திருப்பேன். எனக்குப் பிரசங்கம் பண்ணுங்க.

அலெக்சாண்டர்: நீ என் பிரசங்கத்துல தூங்குற ஆளு.

நோரா: இன்னைக்குத் தூங்க மாட்டேன்.

லவினா: நான் கீபோர்டுல இருந்து பாத்துட்டே இருப்பேன். நடுவுல திக்கினா ஒரு பாட்டு ஆரம்பிச்சிடுறேன்.

அலெக்சாண்டர்: திக்க மாட்டேன். கெட்டதைச் சொல்லிட்டு, கடைசியில நல்லதையும் சொல்லப் போறேன். மாத்திரையே போடாம இந்தப் படியில வாராவாரம் ஏறி வந்தேன், அது மட்டும் முழுக்க முழுக்கக் கிருபைன்னு. சாட்சியாவே சொல்லுவேன்.

நோரா: அதைச் சொல்லாதீங்க.

அலெக்சாண்டர்: ஏன்?

நோரா: மத்ததெல்லாம் சொல்லுங்க. அது வேணாம்.

அலெக்சாண்டர்: உண்மையிலேயே நடந்தது அது ஒண்ணுதானே நோரா.

நோரா: ...முதல்ல அந்தக் காபியைக் குடிச்சு முடிங்க. டம்ளர் அடியில இருக்குற மண்டியையும் விடாம.

லவினா: மம்மி, எப்பப் பாத்தாலும் காபி, காபி. அடியில இருக்குற சுக்குத் தூளை யாராவது குடிப்பாங்களா? வாராவாரம் அவரு பக்கத்துலயே நின்னுட்டு "மண்டியைக் குடிங்க, மண்டியைக் குடிங்க"ன்னு...

நோரா: சுக்கு உடம்புக்கு நல்லதுடி.

லவினா: மம்மி. அந்த மண்டியில என்ன இருக்கு?

நோரா: மாத்திரை.

அலெக்சாண்டர்: எந்த மாத்திரை?

நோரா: உங்க மாத்திரைதாங்க. ஜிப்பா பட்டன் போட்டு விடும்போது பாக்கெட்ல ஒண்ணு தட்டுப்பட்டுது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை காலையிலயே. கேட்டா மறைப்பீங்க, சண்டை போட்டா உபவாசம்பீங்க. அதான் அன்னைக்கு வீட்டு ஸ்ட்ரிப்ல இருந்து ஒண்ணு எடுத்தேன், அப்புறம் தனியா ஒரு ஸ்ட்ரிப் வாங்கினேன். சுக்கோட சேத்து இடிச்சுப் போட்டுட்டேன். காரத்துல கசப்புத் தெரியாது.

அலெக்சாண்டர்: ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?

நோரா: ஒரு ஞாயித்துக்கிழமை விடல.

அலெக்சாண்டர்: அப்போ படி ஏறினது...

நோரா: மாத்திரை.

அலெக்சாண்டர்: கிருபைன்னு உன்கிட்டயே வந்து சொன்னேனே. உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப.

நோரா: சிரிக்கல. சமையல்கட்டுல போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்றீங்க, அதை உரல்ல இடிச்சது நான்தான்னு எப்படிங்க சொல்லுவேன்? இன்னைக்கு மைக்ல சொல்லப் போறேன்னு சொன்னதாலதான் வாயைத் திறந்தேன். இல்லைன்னா சாகுற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

லவினா: இருங்க, இருங்க. மம்மி, மாத்திரை முழுசா உள்ள போயிடுச்சுன்னா... ஈஸ்டர் மாதிரி கை சும்மா இருந்திருக்கணுமே. லட்சுமம்மா தலைமேல ஏன் நடுங்குச்சு?

அலெக்சாண்டர்: ...ஆமா. நோரா, ஏன் நடுங்குச்சு?

லவினா: பயமா இருக்கலாம் டாடி. மனசுல பதட்டம் இருந்தா நடுக்கம் கூடும்னு டாக்டர் சொன்னாரு.

அலெக்சாண்டர்: இருக்கலாம். நீ சொல்லு நோரா. உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே.

நோரா: எனக்குத் தெரியாதுங்க. கால் நடந்தது என் வேலை. கை நடுங்கினதுக்கு நான் ஒண்ணும் போடல.