நாலாவது அநியாயம்: வாயுக் குழி

முதல் அநியாயம், நிர்வாகம் எலும்பு நீக்கும் பகுதியைப் பிரித்துப் போலந்துக்கு அனுப்பியது. இரண்டாவது, காப்பி இடைவேளையில் கை வைத்தது. மூன்றாவது, சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்பு ரொட்டியைக் காகிதம்போல மெல்லிசாக நறுக்கியது.

"வரிசையாத்தான் சொல்வேன் டாக்டரம்மா. வரிசை தப்பினா வழக்கு நிக்காது" என்றார் எய்னார் தூசன்.

யூட்லாந்தின் அந்தப் பன்றி இறைச்சிக்கூடத்தில் அவர் தொழிலாளர் பிரதிநிதி. அவர் மறியல் செய்யாத வாசல் அங்கே இல்லை. எதிரில் நின்றவர் அரசுக் கால்நடை மருத்துவர் ராக்ன்ஹில்ட். சற்றுமுன் வேலையை நிறுத்தியது அந்த அம்மாள்தான். போலீசுக்கு அனுப்பும் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசிக்கச் சாட்சிகள் இருவர் வரட்டும் என்று காத்திருந்தார்.

நாலாவது, இன்று காலை நடந்தது. பன்றிகளைக் கூண்டில் இறக்கி மயக்கும் குழியில் வாயு குறைந்துவிட்டது. சட்டப்படி வைத்த சிவப்பு விளக்கு எரிந்தது, மணியும் அலறியது. கூண்டு மட்டும் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. மேலே வந்த பன்றிகள் மயங்காமல் கண்ணைச் சிமிட்டின. ஒன்று, கழுத்தில் கத்தி இறங்கிய பிறகு கத்தியது. அதைச் சொல்லும்போது எய்னாரின் குரல் கொஞ்சம் தணிந்தது. உடனே பழையபடி ஏறியது.

குழியோரம் நின்ற தொழிலாளி ஆஸ்கெர் நிறுத்தும் பொத்தானுக்குக் கையை நீட்டினானாம். தடுத்தவர் தாம்தான் என்பதையும் பெருமையாகவே சொன்னார்.

"'கையை எடுடா, அது பொறுப்பாளர் வேலை'ன்னேன். அவன் வேலையை நாம செஞ்சா, நாளைக்கு அதையும் நம்ம தலையிலதானே கட்டுவாங்க? கேக்குறீங்களா?"

விலங்கு நலப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும், விளக்கு எரிந்தால் நிறுத்தவேண்டியவர் அவர்தான் என்ற சட்டத்தை எய்னாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பதவியில் நிர்வாகம் தன் கணக்குப்பிள்ளையை உட்காரவைக்கப் பார்த்தபோது, தொழிலாளிதான் வரவேண்டும் என்று பனியில் நின்று ஜெயித்தவர் அவர். சாப்பாட்டுக் கூடத்தில் கைதூக்கித் தேர்தல் நடந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக் குழு, காப்பி இயந்திரக் குழு என்று எல்லாவற்றுக்கும் அன்றைக்கே ஆள் போட்டார்கள். அவர் மடியிலும் ஏழெட்டுப் பதவிகள் வந்து விழுந்தன. ஏதோ பயிற்சிக்குக்கூட அனுப்பினார்கள். அங்கே மீன் நன்றாக இருந்தது. யாருக்கு எது என்று இப்போது யார் கண்டார்கள்? ஜெயித்தோமா இல்லையா, அதுதான் பேச்சு. அதற்கப்புறம் மேஸ்திரி வெர்னர் சூழ்ச்சி செய்து அந்த நாற்காலியைப் பிடித்திருப்பான். வேறு யாராக இருக்கும்?

ஆஸ்கெரும், கத்தி பிடிக்கும் கெர்டாவும் சாட்சிக்கு வந்து நின்றார்கள். கெர்டாவின் முன்கையில் பன்றி உதைத்த இடம் வீங்கியிருந்தது.

"பேரை முணுமுணுக்காதீங்க டாக்டரம்மா" என்றார் எய்னார். "போலீசுக்குப் போற பேரு. இவங்க ரெண்டு பேர் காதுலயும் விழணும். சங்கத்துல துரோகி பேரை நாங்க சத்தமாத்தான் வாசிப்போம்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மருத்துவர் புகார்த் தாளைப் பிரித்து, அவர் கேட்டபடியே உரக்க வாசித்தார்.

"விலங்கு நலப் பொறுப்பாளர், எய்னார் தூசன்."