வாங்கன்னு சொல்ல ஒரு ஆளு

— அத்த வுடு மிஸ்ஸு. நான் வர்ல. கூடைல பாதி மீனு அப்டியே கீது.

— இங்க பாரு கன்னியம்மா. ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் நடுரோட்டுல, டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்னு உன்னைக் கெஞ்சிட்டிருக்கேன். வெயில் மண்டையைப் பொளக்குது.

— ஸ்கூலு தெறந்ததுலேர்ந்து நான் இங்கதான் குந்திகினு கீறேன். எனக்கும் இதே வெயிலுதான்.

— அதை அப்புறம் பேசலாம்மா. ஆஸ்திரேலியாலேர்ந்து டீச்சருங்க வராங்க. எங்க அண்ணன் டெரிக் வேலை பாக்கற ஸ்கூல், அவனும் கூட வரான். வேன் பாலத்துகிட்ட வந்துடுச்சாம்.

— வரட்டுமே. மால போடு, ஜூஸ் குடு. நான் இன்னாத்துக்கு?

— அங்க ஒரு வழக்கம். வெளியாளுங்க வந்தா, அந்த மண்ணோட பூர்வகுடி ஒருத்தர் முன்னால நின்னு வாங்கன்னு சொல்லணும். அப்புறந்தான் ஃபங்ஷனே தொடங்கும். நம்ம ஸ்கூல்லயும் அப்படித்தான்னு டெரிக்குக்கு எழுதித் தொலைச்சுட்டேன்.

— நம்ம ஸ்கூல்ல அப்டியா செய்றாங்கோ?

— இல்ல.

— நல்லா கீது போ.

— மாயா உன்கிட்ட சொல்லலியா? நாலாங்கிளாஸ்ல இதான் பாடம்.

— சொன்னா, சொன்னா. வெள்ளக்காரன் கப்பல்ல வந்து அவங்கோ எடத்த புட்ச்சிகினான், அப்பால பெத்தவ கைலேர்ந்து புள்ளைங்களயும் புடுங்கிகினு போயி ஆஸ்டல்ல போட்டான்னு. அத்த கேட்டு ராவுல எனக்கு சோறே எறங்கல.

— அதுக்குத்தான் இந்த பிப்ரவரில அவங்க பிரதமர் பார்லிமெண்ட்ல எழுந்து நின்னு மன்னிப்பு கேட்டார். புள்ளைங்க சார்ட்டுல எழுதி ஒட்டியிருக்காங்க.

— சரி, எல்லாரியும் வுட்டுட்டு நான்தான் கெடச்சேனா ஒனக்கு?

— ஏன் கேக்கற. இங்க பூர்வகுடி யாருன்னு வீட்ல விசாரிச்சுட்டு வாங்கன்னு புள்ளைங்ககிட்ட சொன்னேன், என் புத்தி. மறுநாளே கட்சிக்காரர் மனோகரன் வந்துட்டார். அவர்தான் பூர்வகுடியாம், கேட்டுல பேனர் கட்டணுமாம். சர்ச் கமிட்டி அம்புரோஸ் வந்து, எங்க தாத்தா செங்கல் தூக்கலன்னா சர்ச்சே இல்லன்னு ஒரே சண்டை. யானைக்கவுனி துணிக்கடைக்காரர் ஒருத்தர் இங்க இடம் வாங்கின கிரயப் பத்திரத்தோட வந்து உக்காந்துட்டார்.

— வெல குட்த்து வாங்குனவன் எப்டி மிஸ்ஸு பூர்வகுடி?

— அதையேதான் உன் பொண்ணு எழுந்து கேட்டா. இப்ப பிரேயர் நடக்கற இடத்துலதான் உங்க ஆளுங்க வலை காயப்போட்டாங்கன்னா. பழைய ஆளுங்கள விசாரிச்சேன். உண்மைதான்.

— இப்ப தெர்தா. கேட்டாண்ட வேப்பமரத்து நெழல்ல கூடைய வெச்சிகினு குந்துனேன், நாத்தம்னு வாட்ச்மேன வுட்டு தூக்கிப் போட சொன்னியே, அப்ப தெரியலியா?

— ஸ்கூல்னா ஒரு டிசிப்ளின் வேணாமா?

— வெள்ளிக்கெழமன்னா வஞ்சரம் கீதான்னு ஆள் அனுப்புவியே, அது மட்டும் மணக்குதா? புள்ளைய வுட்டுட்டுப் போற தாய்மாருங்கோதான் எனக்கு யாவாரம். அவங்கோ இந்தாண்ட வர்றதே கெடையாது. இங்க சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டு லாரிதான் வருது. லாரியா மீனு வாங்கும்?

— சரி, சாரி.

— இன்னாது?

— சாரி கன்னியம்மா.

— யாருக்கு சொல்ற? அந்த டிரான்ஸ்பார்மருக்கா?

— உனக்குத்தான். உன் காதுல விழலியா?

— நீ என்னிய தொரத்துனப்ப இப்டியா காதுல சொன்ன? பிரேயர்ல மைக்குல சொன்ன. கேட்டாண்ட குந்துற மீன்காரி கலீஜு, யாரும் அந்தப் பக்கம் நிக்கக் கூடாதுன்னு. மொத்த ஸ்கூலும் சிரிச்சுது. எம்பொண்ணு லைன்ல நின்னுகினு இருந்தா மிஸ்ஸு.

— கலீஜுன்னா சொன்னேன்?

— சுத்தமில்லன்னு சொன்ன. எங்க பாஷைல அதுக்குப் பேரு கலீஜுதான்.

— மாயா லைன்ல இருந்தான்னு எனக்குத் தோணவே இல்லம்மா. சத்தியமா தோணல.

— அன்னிக்கி வூட்டாண்ட வந்தா. நீ கூடைய தூக்கிகினு என் கூட வராத, பின்னாடி வான்னு சொன்னா. மனசு வுட்டுப்போச்சு.

— என் மேலதான் தப்பு. என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்.

— அந்த நாட்டு மந்திரி சாரி சொன்னாரே, எடத்த திருப்பிக் குட்த்தாரா?

— அது இன்னும் பேசிட்டிருக்காங்க.

— பேசிகினே கீறாங்களா. நீ அப்டி பேசிகினே இருக்காத. எனக்கு எடமும் வேணும், சாரியும் வேணும். சாரி மைக்குல.

— வெளிநாட்டு ஆளுங்க முன்னாடியா? டெரிக் என்ன நெனைப்பான்?

— பார்லிமெண்ட்டுல உலகமே பாத்துச்சாமே. உங்க அண்ணன் ஒருத்தன் பாத்தா கொறஞ்சா போயிடுவ?

— சரி. வேப்பமரம் நாளைலேர்ந்து உன்னுது.

— இன்னிலேர்ந்து.

— ஐயோ, இன்னிலேர்ந்தே. மைக்குலயும் சொல்றேன். எழுந்திரு, கூடையை நானே ஒரு பக்கம் புடிக்கறேன்.

— தண்ணி சொட்டும், பொடவய பாத்துக்க.

— சொட்டட்டும். மரத்தடில வை. அவ்ளோதான். இப்ப நீ கேட்டுக்கு உள்ள போயி நில்லு. நான் வெளிய நிக்கறேன், நான்தான் வெள்ளக்காரி. ஒருவாட்டி சொல்லிப் பாரு.

— இன்னான்னு?

— இது எங்க மண்ணு, நல்லபடியா வாங்கன்னு.

— பொய்யா சொல்ல எனக்கு வாய் வராது மிஸ்ஸு.

— சரி, பொய்யா வேணாம். நெஜமாவே கேக்கறேன். நான் உள்ள வரலாமா?

— இன்னா மிஸ்ஸு, பொசுக்குன்னு இப்டி கேட்டுட்ட?

— கேக்கணும்னு தோணுச்சு. சீக்கிரம் சொல்லும்மா, வேன் திரும்புது, ஹாரன் கேக்குது.

— வரட்டும், அவங்களும் ஒன் பக்கத்துலயே நிக்கட்டும். என்னிய கேட்டா இப்பவே வான்னுடுவேன். மாயாவ ஒரு வார்த்த கேட்டுகினு வந்துர்றேன், அங்கியே நில்லு.