துப்பாக்கி என்னுடையது

மாம்பழ சீசனில் எனக்கு யார் மேலும் வருத்தம் இருக்காது, அய்யா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மரம் நிறையக் காய் தொங்கும்போது மனிதனுக்கு என்ன கோபம்? நேற்று நான் செய்ததை ஆத்திரத்தில் செய்துவிட்டதாக முதலில் உங்கள் ஏட்டையா சொன்னார். அது சரியில்லை. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

என் பெயர் ஐயாதுரை. மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எனக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. மனைவி பெயர் நாச்சியார். அவளுக்கு ஒரே தம்பி பால்ச்சாமி, ராஜபாளையத்தில் மில் வேலை. சாதுவான ஆள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்று அக்காளைக் கூப்பிடுவான். முப்பது வயதாகியும் பெண் அமையவில்லை. என்மேல் அவனுக்கு ரொம்ப மரியாதை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

என் பழைய வழக்கு உங்கள் ஃபைலில் இருக்கும். எண்பத்தொன்றில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சோலைச்சாமி என்பவர் தலையில் மம்பட்டியால் அடித்தேன். மம்பட்டியின் முதுகுப் பக்கத்தால்தான் அடித்தேன். இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை. பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தேன்.

எண்பத்தாறில், பக்கத்துத் தோப்பில் காணாமல் போன தண்ணீர் மோட்டாரைத் தேடிப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். என் மோட்டார் ரூமில் அந்த மோட்டார் கிடைக்கவில்லை. அதை நான் அங்கே வைக்கவில்லை. ஆனால் சாக்குக்குள் சுற்றி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி கிடைத்துவிட்டது. காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்தேன். ஜெயிலுக்குப் போய் வந்தவன் கையில் துப்பாக்கி என்று வழக்குப் பதிந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்கு வக்கீல் வைகுண்டராஜ். நல்ல மூளைக்காரர்.

"அடிதடி கேஸ்ல உள்ள இருந்துட்டு வந்தவரு நீரு. அஞ்சு வருசத்துக்கு ஆயுதத்தத் தொடவே கூடாது. இப்ப மாட்டினா ஜட்ஜ் இரக்கப்பட மாட்டாரு" என்றார். "ஆனா தோப்புல துப்பாக்கி இருந்ததுங்கிறது வேற, அது உம்ம வசத்துல இருந்ததுங்கிறது வேற. அந்த ரூம் சாவி வேற யாருட்டயும் இருக்கா?"

"மச்சினன்ட்ட ஒண்ணு இருக்கு, சார்."

"அது போதும். சந்தேகம் வந்தாலே உமக்கு விடுதலை. வேற ஒண்ணும் செய்யாதேயும்."

சும்மா இருந்து பெறுகிற விடுதலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கே பால்ச்சாமியை உட்கார வைத்துப் பேசினேன். "மாப்ள, உனக்குப் பழைய கேஸ் எதுவும் கெடையாது. முதத் தடவைன்னா அபராதத்தோட விட்டுருவாக. நான் போனா உங்கக்கா தனியாக் கெடப்பா." "சரி அத்தான்" என்றான். அக்காள்மேல் உயிர்.

அவனைத் தயார்செய்வது பெரும்பாடாகிவிட்டது. குடையைக் கையில் கொடுத்துத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். குடை விரிந்ததற்கே பயந்தான். முதலில் வெடிமருந்து, பிறகு தேங்காய் நார், பிறகு ஈய ரவை என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். விசாரணை அன்றைக்குக் கூண்டில் ஏறி, "துப்பாக்கி என்னுதுதாங்கய்யா. அத்தானுக்குத் தெரியாம வச்சிருந்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அரசு வக்கீல் எப்படிச் சுடுவாய் என்று கேட்டார். மருந்து, நார், ரவை என்று ஒப்பித்தான். அங்கே நிறுத்தியிருக்கலாம். "பன்னி மட்டும் இல்லங்கய்யா, ஒரு தடவ சிறுத்தயே திரும்பிப் பாக்காம ஓடியிருக்கு" என்றான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு விடுதலை. பிறகு அவன்மேல் தனியாக ஒரு வழக்கு நடந்தது. நான் சொன்னபடியே அபராதமும், கோர்ட் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தண்டனையும்தான். இதில் நான் செய்த தவறு எது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தொல்லை அதற்கப்புறம்தான் வந்தது. மம்சாபுரம் டீக்கடையில் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். மில்லில் மேஸ்திரி அவனிடம் குரலைத் தணித்துப் பேசினாராம். மீசையை முறுக்கிவிட்டான். வன்னியம்பட்டிக்காரர்கள் கடலைக்காட்டில் பன்றி வருகிறது என்று ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். இவன் வரப்பில் நின்று இருமினான், அன்றைக்குப் பார்த்துப் பன்றி வரவில்லை. போகிற இடமெல்லாம் "துப்பாக்கிக்காரரே" என்றார்கள். என்னைத் "துப்பாக்கிக்காரரு அத்தான்" என்றார்கள். துப்பாக்கி என்னுடையது, அய்யா.

ஒருநாள் டீக்கடையில் பத்துப் பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "முதல்ல ரவையப் போடணும். பொறவு மருந்து." நான் பொறுமையாக, "மாப்ள, முதல்ல மருந்து" என்றேன். கடையே சிரித்தது. கடைக்காரர் தங்கச்சாமி, "ஐயாதுரை, உமக்கு மம்பட்டி தெரியும். இதெல்லாம் தெரிஞ்சவுகட்ட விட்டுரும்" என்றார். என் மனைவிகூட அன்றைக்கு, "எந் தம்பி அப்படியே எங்கய்யா மாதிரி. நெஞ்சுரம் இருக்கவனுக்குத்தான் துப்பாக்கி" என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

நான் சட்டப்படிதான் போனேன். வைகுண்டராஜ் ஆபீசுக்குப் போய், "சார், அந்தத் துப்பாக்கி என்னுதுன்னு கோர்ட்ல சொல்லிருவோம்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு கேஸ்ல விடுதலையாயிட்டா அதே கேஸ்ல திரும்பி விசாரிக்க முடியாதுய்யா. நீரு தமுக்கடிச்சுச் சொன்னாலும் உம்மள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. சந்தோசமாப் போய்ட்டு வாரும்."

சந்தோஷமாக எப்படிப் போவது? பழைய துப்பாக்கியை வைத்து இனி எதையும் நிரூபிக்க முடியாது. அப்படியென்றால் புதிதாக ஒன்று வேண்டும். வாங்கினேன். அதோ, உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான். பழையதைவிடக் கனம் குறைவு.

அப்போதும் யாரையும் சுடும் எண்ணம் எனக்கு இல்லை. டீக்கடைக்குக் கொண்டுபோய் ஆகாயத்தைப் பார்த்து ஒரு முறை வெடித்துக் காட்டலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பால்ச்சாமிக்குப் பெண் அமைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வசதியான இடம். முன்பு ஒருமுறை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவர்கள்தான். மாப்பிள்ளை தைரியசாலி என்று கேள்விப்பட்டு அவர்களே தேடி வந்தார்கள்.

நேற்றுக் காலை, பெண் வீட்டுக்குக் கொடுக்க மாம்பழம் பொறுக்கத் தோப்புக்கு வந்தான். நானே நல்ல மரமாகக் காட்டினேன். கூடையை வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றான்.

"அத்தான், ஒண்ணு சொல்லுவேன், தப்பா நெனைக்காதிய."

"சொல்லு மாப்ள."

"நிச்சயத்துக்கு வாரப்போ அந்த மம்பட்டிக் கதைய எடுத்துராதிய. அவிய மென்மையான ஆளுக. பயந்துருவாக."

"சரி மாப்ள" என்றேன். குரலை உயர்த்தவில்லை. மோட்டார் ரூமுக்குப் போனேன். அவன் மச்சினன் என்பதை நான் மறக்கவில்லை. அதனால் ரவை போடவில்லை. சமையலுக்கு வைத்திருந்த கல் உப்பை இரண்டு பிடி போட்டேன். பிள்ளைகுட்டி பெற வேண்டியவன் என்பதால் முன்பக்கம் திரும்பும் நேரமெல்லாம் பொறுத்திருந்தேன். ஒரு நல்ல பழமாகப் பார்த்துக் குனிந்தான். சுட்டேன். அந்த நிலையிலும் பழத்தை அவன் கீழே போடவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

நானே வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையோடு இங்கே வந்து துப்பாக்கியை ஒப்படைத்தேன். இதற்குமேல் ஒரு மனிதன் எப்படி ஒத்துழைக்க முடியும்?

இப்போது என்னடாவென்றால், அவன் அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு உங்கள் ஏட்டையாவிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். "துப்பாக்கி என்னுது. மரத்துல சாத்திவச்சேன். சரிஞ்சு விழுந்து வெடிச்சிருச்சு. அத்தான் அந்தப் பக்கமே இல்ல." நீங்களும் அதை நம்பி என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். சரிந்து விழுந்த துப்பாக்கி அப்படியா சுடும்? டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பட்டிருக்கிறது. குறிபார்க்கத் தெரிந்தவன் சுட்ட சூடு அது.

இன்று காலை நாச்சியார் வந்து ஜன்னல் பக்கம் நின்று அழுதாள். "உங்கள உள்ள தூக்கிப் போட்டுருவாகன்னுதான் அவன் இப்படிச் சொல்லுதான். அம்புட்டு வலியிலயும் 'அத்தான் சாப்பிட்டாகளா'ன்னு கேக்கான். பேசாம வீட்டுக்கு வாங்க" என்றாள். தம்பிப் பாசம் அவள் கண்ணை மறைக்கிறது. எனக்கு அவனைத் தெரியும்.

அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், அய்யா. ஐயாதுரை, மம்சாபுரம். மருந்து போட்டது நான், உப்புப் போட்டது நான், சுட்டது நான். அவனுக்குப் பேர் வாங்குவதில் அப்படி ஒரு வெறி. உட்கார முடியாமல் கிடக்கும்போதுகூட எனக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை பாருங்கள்.