பதின்மூன்றாம் படியிலிருந்து விடைபெறும் குல்பர்ஷின் அவர்களுக்கு

கணக்கில் கறாரும் கனிவில் கடலும் ஆகிய எங்கள் காரகண்டா வாகனக் காப்பீட்டுக் கிளையின் கண்ணே! இருபத்தேழு ஆண்டுகள் இரண்டாம் கவுண்டரில் இருந்த இடம் பெயராது இருந்து, இந்நகரத்துக் கார்களில் பாதியை எண்ணாலும் மீதியை இரைச்சலாலும் அறிந்து வைத்திருக்கும் அறிவே! வரிசை வாசலைத் தாண்டித் தெருப் பனியில் நின்றபோதும் வார்த்தை தடிக்காத வண்மையே! குல்பர்ஷின் ஒஸ்பனோவா அவர்களே, வணக்கம்.

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். இத்தகைய மடல்கள் விடைபெறுபவரின் பெருமையில் தொடங்குவது மரபு. இம்மடலோ எழுதியவனின் சிறுமையில் தொடங்கியாக வேண்டியிருக்கிறது. பிறந்தநாள் தோறும் எதுகை மோனையோடு நாலு வரி கிறுக்குகிறவன் என்பதால் மூன்றாம் கவுண்டர் எர்மெக்கிடம் இப்பணியைக் கிளை மேலாளர் வாலெரி கிம் ஒப்படைத்தார். தன்னைத் தானே ‘அவன்’ என்று ஒருமையில் ஏசிக்கொள்ள ஒருவனுக்கு இதைவிட நல்ல மேடை வாய்க்காது.

ஐந்தாண்டுகளுக்கு முன், மார்ச் ஏழாம் நாள் காலை. மறுநாள் மகளிர் நாள். கிளையின் பெண்களுக்கு ஆண்கள் பலகாரம் வாங்கி வரும் முறை நம்மிடம் உண்டு. அவ்வாண்டு எர்மெக்கின் முறை. அவன் காரோ குளிரில் விறைத்துக் கிடந்தது. தாங்கள் தங்கள் நீவா காரின் சாவியை நீட்டினீர்கள். தங்கள் பாலிசியின் ஓட்டுநர் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது: அவன் தாயாரை வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சிகிச்சைக்கு அழைத்துப் போக அவனுடைய மூச்சுமுட்டும் பழைய கார் உதவாது என்று, அவன் கேளாமலே தாங்கள் எழுதிச் சேர்த்த பெயர் அது.

போனான். பொரித்த மாவுருண்டையான பவுர்சாக் இரண்டு பை வாங்கினான். சூட்டோடு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பாராமல், காரைப் பின்னால் எடுத்தான். பின்னால் ரொட்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அது சற்றே நகர்ந்திருந்தாலும் பாதிப் பழியை அதன் தலையில் கட்டியிருப்பான்.

திரும்பி வந்து தங்கள் முன் நின்றான். தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே? அப்ப ஃபாரத்தை நீயே எழுது. எழுதினாத்தான் மறக்காது.”

எழுதினான். எழுதிய விதத்தைத்தான் இன்று சொல்ல வேண்டும். நம் கிளையில் ஒவ்வொரு மேசைக் கண்ணாடியின் அடியிலும் ஒரு மாதிரி விண்ணப்பம் இருக்கிறது. அதில் இருப்பது தங்கள் பெயரும் தங்கள் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணும். புதிதாக வேலைக்கு வந்த எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்தே தட்டப் பழகினோம். எங்கள் எண்ணைக் கேட்டால் அட்டையைத் தேடுவோம். தங்கள் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ‘விபத்துக்குக் காரணமான ஓட்டுநர்’ என்ற கட்டம் வந்தபோது வெட்கத்தில் எர்மெக்கின் கண் திரையில் இல்லை, விரல் மட்டும் வேலை செய்தது. விரலுக்குத் தெரிந்தது ஒரே எண். எண்ணைத் தட்டியதும் பெயர் தானே வந்து உட்கார்ந்தது. அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த பவுர்சாக்கைத் தின்னப் போனான்.

அது நிற்க. காப்பீட்டுக் கட்டணம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை இந்த ஊருக்குப் புரியவைத்த பெருமை தங்களுடையது. வண்டி எந்த ஊரில் பதிவானது, எந்த வகை, அதன் வயது ஏழைத் தாண்டியதா, ஓட்டுபவருக்கு இருபத்தைந்து நிறைந்ததா, கை பழகி இரண்டாண்டு ஆயிற்றா, இதுவரை யாரையேனும் இடித்தாரா: இவற்றையே காகிதம் கேட்கும்; வண்டியின் நிறத்தையோ மாமன் வகிக்கும் பதவியையோ கேட்காது என்று, கோபத்தோடு வந்தவரெல்லாம் தலையாட்டிப் போகும்படி எடுத்துரைத்த ஏற்றத்தை என்னென்பது!

செய்னொல்லா என்ற முதியவரை நாங்கள் மறக்கவில்லை. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். முப்பத்தைந்து ஆண்டு கீறல் விழாமல் ஓட்டியவர். கட்டணம் ஏறிவிட்டதென்று கவுண்டர் பலகையைத் தட்டினார். தாங்கள் ஓட்டுநர் பட்டியலைத் திருப்பிக் காட்டினீர்கள். கடைசி வரியில் பத்தொன்பது வயதுப் பேரன்.

“இவன் ஓட்டுறானா ஐயா, இல்ல பேர் மட்டும் இருக்கா?”

“பேர் இல்லாட்டி அவனுக்கு மனசு கஷ்டப்படும்மா.”

“அப்ப மனசுக்குத்தான் பிரீமியம் கட்டுறீங்க. காருக்கு இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போனார். பேரன் பெயரை அடிக்கவில்லை. போனபின் தாங்கள் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது: பட்டியலில் எத்தனை நல்ல ஓட்டுநர் இருந்தாலும், விலை வைப்பது அதில் மோசமான ஒருவனே.

இனி, சொல்லக் கூசுவது. விபத்தில்லாத ஓராண்டுக்கு ஒரு படி ஏற்றம்; படி ஏற ஏறக் கட்டணம் இறங்கும். பதின்மூன்றாம் படியே உச்சி. அங்கிருந்து ஒரே ஒரு விபத்து ஏழாம் படிக்குத் தள்ளிவிடும். உச்சியில் நிற்கும் பணியாளர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து நடைவழிப் பலகையில் திருகுவது நம் கிளையின் வழக்கம். அப்பலகையின் முதல் தகடு தங்களுடையது. அந்த மே மாதம் தங்கள் பாலிசியைப் புதுப்பிக்கத் திரையைத் திறந்த கிம், ஏழு என்ற எண்ணைக் கண்டு திகைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். “ரொட்டி வண்டி” என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு மூன்றாம் கவுண்டரை ஒரு முறை பார்த்தீர்கள். எர்மெக் தன் மேசைக் கண்ணாடியின் அடியிலிருந்த மாதிரியைக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

இத்தொழிலில் இருப்போருக்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும். பழி அவன் பெயரில் விழுந்திருந்தால் பட்டியலிலிருந்து அவன் பெயரை ஒரு கோடு இழுத்து அடித்தால் போதும். விலை பழையபடி இறங்கியிருக்கும். தங்கள் பெயரிலேயே விழுந்ததை எதைக்கொண்டு அடிப்பது? தன் காரிலிருந்து தன்னையே அடித்துக்கொள்ள முடியுமா? தாங்கள் அவன் பெயரையும் அடிக்கவில்லை. அவன் தாயார் மருத்துவமனைக்குப் போவதும் நிற்கவில்லை.

மறு திங்கட்கிழமை தகடு கழற்றப்பட்டது. கழற்றியவர் கிம், அவர் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் எர்மெக். அன்று சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தான். “ஸ்டூல் ஆடுது, கெட்டியாப் பிடி” என்றார் கிம். கெட்டியாகப் பிடித்தான். இரண்டாண்டு கழித்து அவனே பதின்மூன்றாம் படிக்கு ஏறினான். சுவரில் புதிதாய்த் துளை போடுவானேன் என்று, தங்கள் தகடு இருந்த அதே துளைகளில் அவன் தகடு திருகப்பட்டது. நாங்கள் கைதட்டினோம். தாங்களும் தட்டினீர்கள்.

நம்மவர் வீட்டில் விருந்தாளியின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினால் என்ன பொருள் என்று குழந்தைக்கும் தெரியும்: குடித்துவிட்டுக் கிளம்பு. வேண்டியவருக்கு அரைக் கோப்பைதான். மறுபடி கேட்கட்டும், மறுபடி ஊற்றலாம் என்று. அந்த மே மாதம் முதல் எர்மெக்கின் கோப்பை ஒவ்வொரு நாளும் விளிம்புவரை நிரம்பி வந்தது. பதினோரு மணித் தேநீர் தங்கள் கையால் எல்லோருக்கும் அரை. அவனுக்கு மட்டும் தூக்கினால் சிந்தும் அளவு.

“என்னக்கா, என்னை விரட்டுறீங்களா?” என்று எல்லோர் முன்னும் சிரிப்பான்.

“கெட்டில் கனக்குது எர்மெக். உனக்காவது ஒரே தடவையில முடிச்சிடலாம்னு.”

எல்லோரும் சிரிப்போம். அவன் குடித்துவிடுவான். மறுநாளும் வந்து உட்காருவான். அவனும் நேராகக் கேட்டானில்லை. சுற்றி வளைத்தே கேட்டான். பழைய பதிவில் ஒரு தப்பு இருந்தால் திருத்த முடியுமா, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பான்.

“தப்பு பண்ணினவர் எழுதிக் கொடுத்தா பத்து நாள்ல திருத்திடலாம். யாருக்குக் கேக்கற, கஸ்டமருக்கா?”

“ஆமாக்கா. கஸ்டமருக்கு.”

“வரச் சொல்லு.”

அந்த வாடிக்கையாளர் ஐந்தாண்டாக வரவில்லை.

தாங்களோ ஏழிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஒன்பது என்று, புதிதாய் உரிமம் வாங்கிய பெண்ணைப்போல ஆண்டுக்கொரு படி ஏறினீர்கள். ஏறியவாறே ஏறி, பன்னிரண்டாம் படியில் ஓய்வு வயது வந்துவிட்டது. மடல் எழுத உட்கார்ந்த எர்மெக், ‘விபத்தென்பதையே அறியாத வித்தகியே’ என்று முதல் வரியை எழுதினான். அவ்வளவுதான். தங்கள் பதிவின்படி அது பொய். அவன் அறிந்தபடி மெய். பொய்யையும் மெய்யையும் ஒரே வரியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட அவனால் முடியவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். கிம் இரண்டு முறை படித்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

“அன்னிக்கு ஸ்டூலைப் பிடிச்சது நீதானே?”

திருத்தம் சென்ற புதன்கிழமை வந்து சேர்ந்தது. ஐந்தாண்டும் தாங்கள் பதின்மூன்றாம் படியிலேயே நின்றிருக்கிறீர்கள் என்று பதிவு இப்போது ஒத்துக்கொள்கிறது. எர்மெக் இறங்க வேண்டிய அளவு இறங்கினான். தங்கள் பாலிசிப் பட்டியலிலிருந்து தன் பெயரை அடிக்கும் விண்ணப்பத்தையும் அவனே எழுதிக் கொடுத்தான். இம்முறை எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து எழுதினான். தாங்கள் கூடுதலாகக் கட்டி வந்ததற்கு வழி செய்தாயிற்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டும் இம்மடலில் டெங்கேப் பணக் கணக்குக்கு இடமில்லை. தன் தகட்டைத் தானே கழற்றினான். ஸ்டூல் ஆடியது. யாரும் பிடிக்கவில்லை. இன்று இக்கூட்டத்துக்கு வந்தவர்கள் நடைவழியில் பார்த்திருப்பீர்கள்: அந்த இரண்டு துளைகளுக்கு உரியவர் பெயர் அங்கே திரும்பிவிட்டது.

தங்கள் கணக்கின்படியே பார்த்தால், பதினொருவர் எஞ்சும் இக்கிளைக்கு எர்மெக்கை வைத்தே விலை போட வேண்டும். மற்றப் பத்துப் பேரும் அதை மறுக்கவில்லை. தகடு இறங்கிய அன்று நாங்கள் பத்துப் பேரும் அந்த நடைவழியில்தான் நின்றோம். இருபத்திரண்டு ஆண்டு கீறல் படாத கை ஒரே நாளில் ஏன் தவறியது என்று ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. காகிதம் சொன்னால் சரிதான் என்று இருந்துவிட்டோம். கேள்வி கேட்கத் தெரியாதவர்களாகத் தங்களிடம் இத்தனை காலம் வேலை பார்த்தமைக்காக நாணித் தலை குனிகிறோம்.

காகிதத்துக்கு மேல் மனிதரைக் கண்ட மாண்பே! தாங்கள் நீடு வாழ்க! முழங்கால் நோவு முழுதாய் நீங்குக! பேத்திகள் புடைசூழப் பல்காஷ் ஏரிக்கரை வரை தங்கள் நீவா தங்குதடையின்றிச் செல்க! முன்னால் செல்வோர் முறையாய்ச் செல்க. பின்னால் எடுப்போர் கண்ணாடி பார்த்து எடுக்க! உரிமம் காலாவதியாகும்வரை அல்ல, ஓட்ட அலுக்கும்வரை ஓட்டுக. அலுத்தபின்னும் அமர்ந்து எங்களை ஏசுக! ஏச ஆளில்லை என்ற குறை தங்களுக்கு வாராமல் எர்மெக் பார்த்துக்கொள்வான்.

வாழ்த்து முடிந்தது, மடல் முடியவில்லை. தங்கள் ஒப்புதல் இன்றி இதை மேடையில் வாசிக்கக் கூடாதென்றார் கிம். ஆகவே நேற்றுப் பதினோரு மணிக்கு, தேநீர் அறையில், மேலே உள்ளவற்றையெல்லாம் எர்மெக் தங்களுக்குப் படித்துக் காட்டினான். தாங்கள் மார்ச் ஏழா ஆறா என்று ஒருமுறை யோசித்து, ஏழுதான் என்றீர்கள். வேறெதையும் திருத்தவில்லை. வாசிக்கலாம் என்று தலையசைத்துவிட்டுக் கெட்டிலை எடுத்தீர்கள். கோப்பை நிரம்புமுன் அவன் கேட்டான். முதல் முறையாகச் சிரிக்காமல் கேட்டான்.

“அஞ்சு வருஷமா எனக்கு மட்டும் ஏன்க்கா நிறைச்சு ஊத்தினீங்க?”

தாங்கள் கெட்டிலைக் கீழே வைத்தீர்கள்.

“நிறைச்சு ஊத்தினா என்ன அர்த்தமோ அதான். கோபம். ஒரு நாளாவது சிரிக்காம கேப்பேன்னு பார்த்தேன். நீ குடிச்சுட்டுக் குடிச்சுட்டு வந்து உக்காந்த.”

“இப்பவும் கோபமாக்கா?”

“ஆமா. இன்னும் போகல. உக்காரு.”

இவ்வண்ணம்,
ஒரே பட்டியலில் இருந்த பெருமையோடும்
தக்க அளவு வெட்கத்தோடும்,
காரகண்டா கிளைப் பணியாளர்கள் பதினொருவர்