தாயாரம்மாளின் ஐந்தாவது கார்டு

சுகிர்தா: …இட்லி ஆறிக்கினு இருக்குது. அந்தப் பழைய போஸ்டு கார்ட வெச்சிட்டு மொதல்ல துன்னுங்க.

ஸ்டீபன்: இரும்மே! நேத்து அப்பாவு கடையில, பழைய பேப்பர் கட்டுக்கு நடுவுல கெடச்சிது. அதே தாயாரம்மா! அஞ்சாவது கார்டு!

சுகிர்தா: யாரு… அந்த ஊத்துக்கோட்டக்காரியா?

ஸ்டீபன்: அவளேதான். அறுபத்தி நாலுல எழுதிக்கிறா. புருசன் பூவராகவனுக்கு மெட்ராஸ்ல வேல. கேளு… "போன ஞாயிறும் வரவில்லை. பழவேற்காட்டில் படகு ஏற்றிக் காட்டுகிறேன் என்று கல்யாணத்தன்று சொன்னீர்கள். அதற்கென்று எடுத்த சேலை பெட்டியிலேயே கிடக்கிறது."

சுகிர்தா: அய்யோ பாவம்.

ஸ்டீபன்: படிச்சதுலேர்ந்து மனசே செரியில்ல. எப்டி இருந்திருப்பா, சொல்லு? ஒல்லியா, மூக்குத்தி போட்டுக்கினு…

சுகிர்தா: ஏன், கொஞ்சம் குண்டா இருக்கக்கூடாதா?

ஸ்டீபன்: கையெழுத்த பாத்தா ஒல்லி மாரிதான் தெரியுது.

சுகிர்தா: ரொம்ப சந்தோசம்.

ஸ்டீபன்: உனக்கின்னாமே சந்தோசம்?

சுகிர்தா: சும்மாதான்… அந்தப் புருசன் இன்னா பதில் போட்டான்?

ஸ்டீபன்: ஒண்ணும் காணம். கல்நெஞ்சக்காரன்! ஒரு ஞாயித்துக்கெழம பொண்டாட்டிய கூட்டினு போறதுக்கு இன்னா கேடு அவனுக்கு?

சுகிர்தா: நல்லா நாக்க புடுங்கிக்கிற மாரி கேளுங்க. ஆமா… இன்னிக்கு இன்னா கெழம?

ஸ்டீபன்: ஞாயிறு… காக்களூர் கம்பெனில ஓ.டி. இருக்குதே.

சுகிர்தா: போன வாரமும் ஓ.டி. அதுக்கு முந்தின வாரமும் ஓ.டி.

ஸ்டீபன்: பூவராகவனுக்கும் இன்னா ஓ.டி.யோ, பாவம்…

சுகிர்தா: பாத்தீங்களா, அதுக்குள்ள அவனுக்கு சப்போட்டு!

ஸ்டீபன்: அத வுடு. எழுதாத பழைய கார்டு ஒரு கட்டு வாங்கியாந்து வெச்சனே, அதுல கொஞ்சத்த காணமே?

சுகிர்தா: எலி.

ஸ்டீபன்: எலி எழுதாத கார்டா பாத்து துன்னுச்சா?

சுகிர்தா: படிச்ச எலி.

ஸ்டீபன்: செரி… இந்தத் தபால் முத்திரைய கொஞ்சம் மோந்து பாரு.

சுகிர்தா: ஐய… அத எதுக்கு?

ஸ்டீபன்: தைல வாசன அடிக்கல? வட்டமும் நம்மூட்டு தைல டப்பா மூடி சைசு.

சுகிர்தா: அந்தக் காலத்து போஸ்ட்மாஸ்டருக்குத் தலவலியோ இன்னாவோ!

ஸ்டீபன்: அட்ரசுல பின்கோடு வேற போட்டுக்கிறா…

சுகிர்தா: போடாம? பின்கோடு இல்லாத தபால எங்க கூரியர் ஆபீஸ்ல நான் கையால கூட தொட மாட்டேன்.

ஸ்டீபன்: பின்கோடே எழுபத்தி ரெண்டுலதான் வந்துச்சுமே.

சுகிர்தா: இட்லி ஆறுதுன்னேன்ல… மொதல்ல துன்னுங்க.

ஸ்டீபன்: இன்னா தாயாரம்மா, பேச்ச மாத்துற?

சுகிர்தா: எப்பலேர்ந்து தெரியும்?

ஸ்டீபன்: மொத கார்டுலயே.

சுகிர்தா: அடப்பாவி மனுசா! அப்பறம் எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் கண்ண கசக்கினீங்க? பழவேற்காடு கூட்டினு போங்கன்னு நேர்ல கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சிது. செத்துப்போன எவளாச்சும் கேட்டாதான் இந்தாளு உருகுவாருன்னு, அப்பாவு அண்ணன்கிட்ட கெஞ்சி கட்டுல சொருக வெச்சேன். இப்ப எனக்கு வெக்கமா இருக்குது.

ஸ்டீபன்: கண்ண கசக்கினது நெசந்தான். நீ கேட்டப்ப ஒரைக்கல, கார்டுல படிச்சப்பதான் ஒரைச்சிது. தெரியும்னு சொன்னா எழுதறத நிறுத்திடுவியேன்னு கம்முனு இருந்தேன். போ, அந்தச் சேலைய எடுத்துக் கட்டு. பழவேற்காடு கெளம்பலாம்.

சுகிர்தா: இன்னிக்கேவா? அப்ப… ஓ.டி.?

ஸ்டீபன்: ரெண்டு மாசமா ஓ.டி.யே கெடயாதுமே… ஞாயித்துக்கெழமையானா அப்பாவு கடையில குந்திக்கினு, உன்னோட அடுத்த கார்டு வந்துச்சான்னு தேடிக்கினு இருந்தேன்.