நாற்பது பேர் வகுப்பில் தூக்காத கை

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளி முதல்வர் திருமதி ரமணி அவர்களே, ஆசிரியர்களே, திருச்செல்வம் ஐயாவின் குடும்பத்தாரே, சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். நான் நான்காம் படிவ மாணவி தாமரை. எங்களில் யார் மேடை ஏறினாலும் ஐயா அந்தக் கதவருகே நிற்பார். இன்று அங்கே யாரும் இல்லை.

நம் தமிழாசிரியர் திருச்செல்வம் ஐயா போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் நம்மைவிட்டுப் போய்விட்டார்.

அரசுப் பள்ளி நல்லதா, தனியார் பள்ளி நல்லதா? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பெற்றோர் ஓயாமல் பேசும் கேள்வி இது. ஐயா பேசவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்தார். இந்த அரசுப் பள்ளியிலிருந்து எங்களில் ஒருவர் ஒரு நாள் அங்கே. அவர்களில் ஒருவர் ஒரு நாள் இங்கே. கொமுட்டர் ரயிலில் ஐயாவே அழைத்துப் போவார். அப்படித்தான் நான் போனேன். அங்கிருந்து டீனா வந்தாள்.

“ஒரே வகுப்புல நாப்பது பேரா? டீச்சருக்கு உன் பேரு தெரியுமா?” என்று அன்று மாலை ஐயாவின் முன்னால் டீனா என்னைக் கேட்டாள்.

“தெரியும்லா. ஏசும்போது சரியா சொல்வாங்க.”

ஐயா சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் கேட்டார்: “எது ஒசத்தின்னு கேக்கல. எதுக்குப் பயந்தீங்க? அத சொல்லுங்க.”

“இங்க யாரும் என்னை ஒண்ணுமே கேக்கல சார். நான் இருக்கிறதே தெரியலியோன்னு பயந்துட்டேன்,” என்றாள் டீனா.

“அங்க என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க ஐயா. அதான் பயம்,” என்றேன் நான்.

இரண்டு பள்ளிகளையும் இதைவிடச் சரியாக யார் ஒப்பிட்டிருக்கிறார்கள்? அன்று ஐயா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “நம்ம வகுப்புல ஒரு தடவ கைய தூக்கி ஒரு கேள்வி கேளு. தப்பா இருந்தாலும் பரவால்ல.” அதன்பின் எங்கள் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே புருவத்தை உயர்த்துவார். நான் தலையாட்டுவேன். இன்னும் இல்லை, ஐயா. போன திங்கட்கிழமையும் அப்படித்தான் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் முதல் முறையாக ஐந்து பேர் சேர்ந்து சுபாங் ஜெயாவுக்குப் போக வேண்டும். கூட ஓர் ஆசிரியர் வராவிட்டால் அந்தப் பள்ளி எங்களை ஏற்காது. “இதோட நின்னுரும்லா,” என்று சிற்றுண்டிச்சாலையில் பேசிக்கொள்கிறார்கள். நின்றால் என்ன ஆகும்? எங்களில் வாய் திறக்காதவர்கள் வாய் திறக்காமலே ஐந்தாம் படிவத்தை முடித்துப் பள்ளியைவிட்டுப் போவார்கள். டீனாவின் தோழிகள் எங்களைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்ப்பார்கள். ஐயா இல்லாத பயத்தைவிட எனக்கு இந்தப் பயம் பெரிது.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய அனைவரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். அந்த ஐந்து பேருக்கும் வழி காட்ட நான் வருவேன். ஆனால் நான் ஆசிரியர் இல்லை.

முதல்வர் அவர்களே, நாற்பது பேர் முன்னால் தூக்க முடியாத கையை இத்தனை பேர் முன்னால் தூக்கியிருக்கிறேன். ஐயா கேட்கச் சொன்ன ஒரு கேள்வி இதுதான்.

அடுத்த மாதம் எங்களோடு யார் ரயில் ஏறுவார்கள்?